700 வருஷம் பொறுங்கள், குழாய் மாற்றிவிடுகிறோம்!

2024 மார்ச் 30. லண்டனில் தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் படகுப் போட்டி. 1829-ல் ஆரம்பித்த போட்டி அது. ஜெயித்த அணி, படகின் பின்பக்கம் உட்கார்ந்து திசை சொல்லிக்கொண்டு வரும் ஆளைத் தூக்கி ஆற்றில் போட்டுக் கும்மாளம் அடிப்பது வழக்கம். அந்த வருஷமோ அமைப்பாளர்கள் முன்கூட்டியே எச்சரிக்கை செய்துவிட்டார்கள். தயவுசெய்து யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள், யாரையும் தள்ளாதீர்கள்!

காரணம், ஆற்றில் மலம். தண்ணீரைச் சோதித்ததில் ஈ.கோலை கிருமி எக்கச்சக்கமாக இருந்தது. தோற்றுப்போன ஆக்ஸ்ஃபோர்டு அணியில் சிலருக்கு வயிறு கெட்டுப்போயிருந்தது. அது ஆற்றுத் தண்ணீரால்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும், ஆற்றில் மலம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் தேவலை என்று வீரர் ஒருவர் டி.வி. பேட்டியிலேயே சொன்னார். உலகமே பார்த்துச் சிரித்தது.

கூவத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கும் எனக்கும் இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாதாளச் சாக்கடை என்றால் என்ன என்று உலகத்துக்குப் பாடம் எடுத்த ஊர் அது. 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல், பார்லிமென்ட் ஜன்னல் திரைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் முக்கித் தொங்கவிட்டார்கள். எம்.பி.க்களின் மூக்குவரை வந்துவிட்டதால் காரியமும் மளமளவென்று நடந்தது. ஜோசப் பஸல்ஜெட் என்கிற இன்ஜினீயர் செங்கல்லில் கட்டிய ராட்சதச் சாக்கடைகள் இன்றுவரை உழைக்கின்றன.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு என்ன ஆச்சு?

ஒரு சீர்திருத்தம் ஆச்சு. நம் நாட்டில் குடிநீர் வாரியம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ‘‘பேசாம பிரைவேட்காரன்கிட்ட குடுத்துடணும் சார், அப்பத்தான் உருப்படும்’’ என்று யாராவது ஒருத்தர் சொல்வார். ‘‘தண்ணியை விக்கறதா? அக்கிரமம்’’ என்று இன்னொருத்தர் எகிறுவார். இரண்டு பேருமே இங்கிலாந்துக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. நான் புரட்டினேன். பி.காம். படித்த பாவத்துக்கு, பாலன்ஸ் ஷீட் பார்த்தால் கை சும்மா இருக்காது.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விற்பதற்கு முன்னால் அரசாங்கம் ஒன்றும் தேனும் பாலுமாக நடத்திக்கொண்டிருக்கவில்லை. 1974-ல் இங்கிலாந்தையும் வேல்ஸையும் நதிப்படுகை வாரியாகப் பிரித்துப் பத்து வட்டாரத் தண்ணீர் ஆணையங்கள் அமைத்தார்கள். திட்டம் என்னவோ நல்ல திட்டம். ஆனால் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அரசாங்கத்தின் கஜானா காலி. ‘கடன் வாங்காதே, செலவைக் குறை’ என்று ஆணையங்களின் கையைக் கட்டிப்போட்டார்கள். எதை வெட்டுவது? ஆஸ்பத்திரியை மூடினால் ஜனங்கள் கொடி பிடிப்பார்கள். பூமிக்கடியில் இருக்கும் குழாயை மாற்றாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கடற்கரைகள் நாறின. ஐரோப்பாவின் அழுக்கு மனிதன் என்று பிரிட்டனுக்குப் பட்டப்பெயரே விழுந்தது. குளிக்கிற கடல் சுத்தமாக இருக்க வேண்டும், குடிக்கிற தண்ணீர் இன்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் வேறு கழுத்தைப் பிடித்தன. அதற்கெல்லாம் மலைமலையாகப் பணம் வேண்டும்.

மார்கரெட் தாட்சர் ஒரே போடாகப் போட்டார். விற்றுவிடு!

1989-ல் பத்து ஆணையங்களும் பத்துக் கம்பெனிகளாகி லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தன. பிரான்ஸில்கூடத் தண்ணீர் வழங்கும் வேலையைத் தனியார் கம்பெனிகள் பார்ப்பதுண்டு. ஆனால் அங்கே குழாயும் நிலையமும் நகரசபையின் சொத்து. இங்கிலாந்தில் குழாய், நீர்த்தேக்கம், சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றையும் மொத்தமாக விற்றார்கள். விற்பதற்கு முன் பழைய கடன் சுமார் 500 கோடி பவுண்டைத் தள்ளுபடி செய்தார்கள். கையில் 150 கோடி பவுண்டு ரொக்கமும் கொடுத்தார்கள். அதற்கு அங்கே வைத்த பெயர் ‘பச்சை வரதட்சணை’. நான் சொல்லவில்லை, அவர்களே வைத்த பெயர்! நீங்களும் தண்ணீருக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்று டி.வி.யில் விளம்பரம் வேறு. அதுவரை சொந்தக்காரராக இருந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

தனியார்மயம் என்றதும் நாலு வசவு வைத்துவிட்டுப் போவது சுலபம். நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டாமா? முதலீடு வந்தது. இன்றைய விலைவாசியில் 20,000 கோடி பவுண்டுக்கு மேல் போட்டிருக்கிறோம் என்கின்றன கம்பெனிகள். குடிநீர்த் தரம் உயர்ந்தது, குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். கடற்கரைகள் சுத்தமாயின. தொண்ணூறுகளின் நடுவில் இருந்ததைவிடக் குழாய்க் கசிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கேவலங்களும் நடந்தன. பில் கட்டாத ஏழை வீடுகளில் குழாயை அடைத்தார்கள். கூச்சல் கிளம்பி, 1999-ல் சட்டம் போட்டு அதை நிறுத்த வேண்டியதாயிற்று. 1995 வறட்சியில் யார்க்‌ஷயரில் ராத்திரி பகலாகத் தண்ணி லாரி ஓடியது. ஆமாம், இங்கிலாந்தில்தான்! அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரி, ‘நானே மாசக்கணக்கில் குளிக்கவில்லை’ என்று பெருமையாகச் சொன்னார். அப்புறம் பார்த்தால், தட்டுப்பாடு இல்லாத பக்கத்து வட்டாரத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்.

போகட்டும். இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

காலேஜில் எங்களுக்கு அக்கவுண்டன்சி எடுத்த வாத்தியார் தேய்மானம் பற்றிச் சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. ‘‘டேய், லாரி ஓடினாலும் தேயும், நின்னாலும் தேயும். அதைக் கணக்குல எழுதலைன்னா, உனக்கு லாபம் வந்த மாதிரியே இருக்கும். ஒருநாள் லாரி படுத்துக்கும். அன்னிக்குத்தான் நீ இத்தனை நாள் சாப்பிட்டது லாபத்தை இல்லடா, லாரியைன்னு தெரியும்.’’

அதனால் வருஷாவருஷம் ஒரு தொகையை ஒதுக்கி, அதை வியாபாரத்துக்கு வெளியே முதலீடு செய்து வைத்து, லாரி படுக்கும் நாளில் எடுத்துப் புதுசு வாங்கு என்பார்கள். சிங்கிங் ஃபண்ட் என்று பெயர். பரீட்சையில் எட்டு மார்க் கேள்வி.

பூமிக்கடியில் இருக்கும் குழாய்க்கு இங்கிலாந்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? மொத்தக் குழாய் வலைப்பின்னலும் ஒரே சொத்து, அதற்குச் சாவே கிடையாது என்று வைத்துக்கொண்டார்கள். தனித்தனிக் குழாய்க்குத் தேய்மானம் போடவேண்டாம். அதே நிலையில் வைத்திருக்க வருஷத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்று திட்டம் போட்டு, அந்தத் தொகையைச் செலவாக எழுதினால் போதும். 2015 வாக்கில் பொதுவான கணக்கு விதிகள் மாறும் வரை இதுதான் முறை. முறையில் தப்பில்லை. உண்மையிலேயே அதே நிலையில் வைத்திருந்தால்! ஆனால் அடியில் போய்ப் பார்த்தவர் யார்? காகிதத்தில் குழாய்க்கு என்றும் பதினாறு, மார்க்கண்டேயன் மாதிரி. மண்ணுக்குள் அது கிழவனாகிக்கொண்டிருந்தது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தண்ணீரில் போட்டி கிடையாது. உங்கள் தெருவுக்கு ஒரே குழாய்தான். அதனால் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று ஆஃப்வாட் என்கிற கண்காணிப்பு அமைப்பு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கும். வெகுகாலம் அதன் சூத்திரம் இப்படி இருந்தது. புதுசாக ஒரு சொத்து கட்டினால் அது மூலதனம், அதன் மேல் வருஷாவருஷம் லாபம் எடுக்கலாம். பழைய குழாயைப் பழுது பார்த்தால் அது வெறும் செலவு. நீங்கள் முதலாளியாக இருந்தால் எதைச் செய்வீர்கள்?

அத்தோடு, கம்பெனி எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதை ஆஃப்வாட் கறாராகக் கட்டுப்படுத்தவில்லை. சராசரியான ஒரு கம்பெனி இன்ன வட்டிக்குக் கடன் வாங்கும் என்று கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுக் கட்டணம் வைப்பார்கள். அதைவிடக் குறைந்த வட்டிக்கு வாங்கினால், மிச்சம் கம்பெனிக்கு. கட்டும் வட்டிக்கு வரிச் சலுகையும் உண்டு. வாடிக்கையாளர் ஓடிப்போக முடியாத தொழில் என்பதால், கடன் கொடுக்க வங்கிகள் க்யூவில் நின்றன.

தேம்ஸ் வாட்டர் கதையைப் பாருங்கள். லண்டனையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து சுமார் 1 கோடியே 60 லட்சம் பேருக்குச் சேவை செய்யும் கம்பெனி. எளிதில் கைமாறாமல் இருக்க அரசாங்கம் வைத்திருந்த விசேஷப் பங்கின் காவல் 1994 கடைசியோடு முடிந்தது. 2001-ல் ஆர்.டபிள்யூ.இ. என்கிற ஜெர்மன் கம்பெனி வாங்கியது. 2006-ல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி வங்கி தலைமையிலான கூட்டணியிடம் விற்றது. அப்போது தேம்ஸ் வாட்டரின் கடன் சுமார் 340 கோடி பவுண்டு. மக்குவாரி முழுசாக வெளியேறிய 2017-ல் கடன் சுமார் 1,080 கோடி பவுண்டு! கம்பெனியை வாங்குவதற்காக அவர்கள் வாங்கிய கடனில் ஒரு பகுதியும் அந்தக் கம்பெனியின் தலையிலேயே வந்து விழுந்தது. கடன் பத்திரம் வெளியிடக் கேமன் தீவில் ஒரு துணைக் கம்பெனி. லண்டன் சாக்கடைக்கும் கரீபியன் தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தாங்கள் முதலீட்டையும் அதிகப்படுத்தியதாக மக்குவாரி சொல்கிறது. அதுவும் உண்மைதான். ஆனால் கடன் மூன்று மடங்கானதும் உண்மை.

அப்புறம் வந்தவர்கள் கனடா முனிசிபல் ஊழியர்களின் பென்ஷன் நிதி, பிரிட்டன் பல்கலைக்கழக ஆசிரியர்களின் பென்ஷன் நிதி போன்றவர்கள். 2017-க்குப் பிறகு இவர்கள் டிவிடெண்டே எடுக்கவில்லை என்கிறது கம்பெனி. பந்தி முடிந்தபின் வந்து, இலை எடுக்கிற வேலையை வாங்கிக்கொண்ட கதை. கடனில் பாதிக்கு மேல் விலைவாசியோடு கட்டிப்போட்ட கடன். 2022-ல் விலைவாசி எகிறியது, கடனும் சேர்ந்து எகிறியது. 2024 மார்ச்சில், ‘இனிமேல் பணம் போட மாட்டோம்’ என்று முதலாளிகள் கையை விரித்தார்கள். அடுத்த மாதமே தாய்க் கம்பெனி வட்டி கட்ட முடியாமல் தவறியது. 2025 பிப்ரவரியில், உயிர்பிழைக்க 300 கோடி பவுண்டு வரை அவசரக் கடன் வாங்க கோர்ட் அனுமதித்தது. வட்டி எவ்வளவு? 9.75 சதவிகிதம்! வாடிக்கையாளர் எங்கேயும் போக முடியாத, மாசாமாசம் பணம் கொட்டுகிற தொழிலுக்கு இந்த வட்டி. அதே வருஷம் மே மாதம் கழிவுநீர்க் குறைபாடுகளுக்கும், விதியை மீறி டிவிடெண்ட் கொடுத்ததற்கும் சேர்த்து ஆஃப்வாட் போட்ட அபராதம் 12.27 கோடி பவுண்டு.

ஒரு கம்பெனி மட்டும் கெட்டுப்போனது என்று தள்ளிவிட முடியாது. 1989-ல் கடனே இல்லாமல் தொடங்கிய இந்தத் தொழிலின் மொத்தக் கடன் இப்போது 6,000 கோடி பவுண்டுக்கும் மேல். அதே காலத்தில் வெளியே போன டிவிடெண்ட், இன்றைய மதிப்பில் 5,000 கோடி பவுண்டைத் தாண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ரொம்பவும் நெருக்கமான எண்கள். கடன் முழுவதும் டிவிடெண்டாகப் போனது என்று நான் சொல்லவில்லை, கணக்கு அவ்வளவு எளிதல்ல. ஆனால் கடனை வாங்காமல், லாபத்தை உள்ளேயே வைத்துச் செலவு செய்திருந்தால் என்ன என்கிற கேள்வி எழாமல் இருக்குமா?

சரி, ஆற்றுக்கு வருவோம். லண்டன் மாதிரிப் பழைய ஊர்களில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் ஒரே குழாயில்தான் ஓடும். பேய்மழை பெய்தால் குழாய் நிரம்பி வீட்டுக்குள் எதுக்களிக்கும். அதைத் தவிர்க்க, உபரியை ஆற்றிலோ கடலிலோ திறந்துவிட வழி வைத்திருக்கிறார்கள். அசாதாரண மழைக்கு மட்டும் என்று அனுமதி. 2023-ல் இங்கிலாந்தில் இப்படித் திறந்துவிட்ட நேரம் மொத்தம் சுமார் 36 லட்சம் மணி. ஒரே ஒரு வாயை ராத்திரி பகலாகத் திறந்துவைத்தாலும் 400 வருஷத்துக்கு மேல் ஆகும்! அந்த வருஷம் மழை அதிகம், எல்லா வாய்களிலும் அளவுகருவி மாட்டி முடித்ததும் அப்போதுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த வருஷமும் கிட்டத்தட்ட அதே 36 லட்சம். சதர்ன் வாட்டர் என்கிற கம்பெனி 2010 முதல் 2015 வரை ஆயிரக்கணக்கான முறை சட்டவிரோதமாகத் திறந்துவிட்டு, 2021-ல் கோர்ட்டில் 9 கோடி பவுண்டு அபராதம் வாங்கியது.

‘அப்படியானால் அரசாங்கமே நடத்தியிருந்தால் சரியாக இருந்திருக்கும், அதுதானே?’ என்று கேட்பீர்கள்.

இங்கேதான் எனக்குத் தயக்கம். பக்கத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1994-ல் ஸ்ட்ராத்க்ளைட் வட்டாரத்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பத்தில் ஏழு பேர் ஓட்டுப் போட்டார்கள். அதில் 97 சதவிகிதம் பேர் தனியார் வேண்டாம் என்றார்கள். இன்றும் அங்கே தண்ணீர் அரசாங்கத்துடையது. டிவிடெண்ட் தொல்லை கிடையாது. ஆனால் சாக்கடை எத்தனை மணி நேரம் ஆற்றில் போகிறது என்று கேட்டால், சமீப காலம் வரை மிகச் சில வாய்களில்தான் அளவுகருவி. அளக்காவிட்டால் நாற்றம் ஏட்டில் ஏறாது!

வேல்ஸில் 2001-ல் கம்பெனியை க்ளாஸ் கம்ரி என்கிற பங்குதாரர்களே இல்லாத அமைப்பு எடுத்துக்கொண்டது. மிச்சம் வருகிற பணம் முதலீட்டுக்கும் கட்டணச் சலுகைக்கும் போகிறது. கேட்கவே இனிக்கிறது இல்லையா? 2024-ல் அந்தக் கம்பெனி ஏறக்குறைய 4 கோடி பவுண்டு ஈடு கட்ட நேர்ந்தது. குற்றம், குழாய்க் கசிவு பற்றித் தப்புக் கணக்குக் காட்டியது. லாபம் எடுக்க ஆளே இல்லாத இடத்திலும் குழாயைப் பற்றிப் பொய்க் கணக்கு!

என் விமர்சனம் இதுதான். முப்பத்தைந்து வருஷமாக அங்கே ‘தனியாரா, அரசாங்கமா’ என்றே சண்டை போட்டார்கள். அரசாங்கம் பட்ஜெட்டுக்காகக் குழாயைச் சாப்பிட்டது. தனியார் டிவிடெண்டுக்காகச் சாப்பிட்டது. சாப்பிட்ட வாய் மாறியது, தட்டில் இருந்தது அதே குழாய். எம்.பி.யின் ஆயுள் ஐந்து வருஷம். தேம்ஸ் வாட்டரை வாங்கிய முதலாளிகள் ஐந்து வருஷம், பதினோரு வருஷம் என்று இருந்துவிட்டுப் போனார்கள். குழாயின் ஆயுளோ அறுபது, எண்பது, நூறு. அது உடையும் நாளில் யார் பொறுப்பு என்கிற கேள்விக்கு எந்தச் சீர்திருத்தமும் பதில் எழுதி வைக்கவில்லை.

பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் 2025 ஏப்ரலில் ஓர் அறிக்கை கொடுத்தது. நம்ம ஊர் சி.ஏ.ஜி. மாதிரி அது. இப்போது மாற்றிக்கொண்டிருக்கும் வேகத்தில் போனால், இருக்கிற தண்ணீர்க் குழாய்கள் முழுவதையும் மாற்றி முடிக்க எத்தனை வருஷம் ஆகும்? 700! தலைப்பைப் பார்த்து நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆடிட்டர் போட்ட கணக்கு சார் அது.

இப்போது விழித்துக்கொண்டார்கள். 2025 முதல் ஐந்து வருஷத்துக்கு 10,400 கோடி பவுண்டு திட்டம். பணம் யார் தருவது? 2025 ஏப்ரலில் சராசரி வீட்டுக்கு வருஷ பில் ஒரே தடவையில் 123 பவுண்டு ஏறி 603 பவுண்டு ஆனது. தாத்தா காலத்தில் ஒதுக்கியிருக்க வேண்டிய தேய்மானத்தைப் பேரன் மொத்தமாகக் கட்டுகிறான், வட்டியோடு.

அதே வருஷம் ஜூலையில், பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் முன்னாள் துணை கவர்னர் ஜான் கன்லிஃப் தலைமையிலான கமிஷன் 88 பரிந்துரைகள் தந்தது. ஆஃப்வாட்டை மூடிவிட்டு ஒரே கண்காணிப்பு அமைப்பு கொண்டுவாருங்கள் என்றது. அரசாங்கமும் சரி என்றது. பத்திரிகைகளில் அதுதான் கொட்டை எழுத்தில் வந்தது. அரசுடைமை பற்றி மட்டும் பேசக்கூடாது என்று கமிஷனுக்கு முன்பே வேலி போட்டிருந்தார்கள் என்பது வேறு கதை. என்னைக் கேட்டால், போர்டை மாற்றுவது பெரிய காரியமில்லை. பூமிக்கடியில் எந்தச் சொத்து எந்த நிலையில் இருக்கிறது என்று வரைபடம் போடு, அதன் ஆரோக்கியத்துக்கு அளவுகோல் வை என்று உள்ளே ஒரு பரிந்துரை இருக்கிறது. அதுதான் சீர்திருத்தம். ஒன்றாம் நம்பர் பரிந்துரையாக வந்திருக்க வேண்டும், 1989-லேயே.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? கோவையில் 24 மணி நேரக் குடிநீருக்காக, சூயஸ் என்கிற பிரெஞ்சுக் கம்பெனியோடு 2018-ல் 26 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இங்கிலாந்து போல அது விற்பனை அல்ல. ஆதரித்தும் எதிர்த்தும் எவ்வளவோ பேசினார்கள். நாளை இன்னொரு ஊருக்கும் வரலாம். வராமல் மாநகராட்சியே நடத்தலாம். எதுவானாலும், கூட்டத்தில் உங்கள் கவுன்சிலரிடம் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். நம்ம தெருக் குழாய் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் மாற்றுகிறீர்கள்? அதை மாற்றுவதற்கென்று தொடாமல் வைத்திருக்கும் பணம் எந்த பாங்க் கணக்கில் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குக் கட்டாயம் முழிப்பார். விடாதீர்கள். அந்த எட்டு மார்க் கேள்வியில்தான் இங்கிலாந்து ஃபெயில் ஆனது.